பெரிய வங்கியில் வேலை: நாலு மணிக்குக் கதவு சாத்திய பிறகு

2025 ஏப்ரல் 5, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

மகளுக்குப் பெரிய பொதுத்துறை வங்கி ஒன்றில் பி.ஓ. (புரொபேஷனரி ஆபீசர், தொடக்கநிலை அதிகாரி) வேலை கிடைத்திருக்கிறது. இப்போது சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். "பேங்க் வேலைன்னா நாலு மணிக்குக் கதவைச் சாத்திட்டா நிம்மதி, கண்ணை மூடிக்கிட்டுப் போகச் சொல்லு" என்கிறார் என் அண்ணன். அவளுக்குத் தயக்கம். உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள், அண்ணன் சொல்வது சரியா?

ஏப்ரல் 5, இரவு

நாலு மணிக்குச் சாத்துவது வாடிக்கையாளர் கதவை மட்டும்தான் சார். எங்கள் வேலையில் பாதி அதற்குப் பிறகுதான். முதலில் கேஷ் டேலி ஆக வேண்டும். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். ஒருவர் மட்டும் போய்ப் பூட்டவும் முடியாது, திறக்கவும் முடியாது. அதனால் கேஷியர் பக்கம் ஐந்நூறு ரூபாய் இடித்தால் நானும் அவரோடு உட்கார்ந்திருப்பேன். குறைந்தால் அவர் கைக்காசு. அன்றைக்கு வைத்த நகைப் பைகளை எண்ணி உள்ளே வைக்க வேண்டும், வவுச்சர்களைச் சரிபார்க்க வேண்டும், கணினியில் அன்றைய கணக்கை முடிக்கும் டே-எண்ட் போட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கடன் கோப்புகளைத் திறக்கவே நேரம் வரும், ஏனென்றால் பகல் முழுக்க எதிரே யாராவது உட்கார்ந்திருப்பார்கள். ஏழு மணிக்கு வெளியே வந்தால் நல்ல நாள். மார்ச் கடைசி வாரத்தில் வீட்டார் என்னைச் சாப்பாட்டுக்கு எதிர்பார்ப்பதில்லை.

என்னைப் பற்றி: 2011-இல் வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐ.பி.பி.எஸ். நடத்திய முதல் பொதுத் தேர்வை எழுதி 2012-இல் சேர்ந்தேன். இப்போது தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிளையில் சீனியர் மேனேஜர், அதாவது மூன்றாம் ஸ்கேல். வங்கியின் பெயர் வேண்டாம்.

ஏப்ரல் 6

நேரத்தைப் பற்றி எழுதியதும் எல்லோரும் நேரத்தையே பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் மகள் ஐ.டி.யில் இருந்தவள், ராத்திரி வேலை அவளுக்குப் புதிதில்லை. அவளுக்குப் புதிதாக இருக்கப்போவது கையெழுத்து.

வங்கியில் எந்த வேலையும் இருவர் கையால் நடக்கும். ஒருவர் பதிவார், இன்னொருவர் சரிபார்த்துப் பாஸ் செய்வார். பாஸ் செய்தவரின் எண் அந்தப் பதிவோடு கடைசிவரை ஒட்டியிருக்கும். ஒரு கடனில் தொண்ணூறு நாள் தவணை நின்றால் அது வாராக் கடன். உடனே எழும் கேள்வி: யார் கொடுத்தது? ஊழியர் மேல் பொறுப்பு சுமத்தும் அந்த விசாரணைக்கு 'ஸ்டாஃப் அக்கவுண்டபிலிட்டி' என்று பெயர்.

என் பழைய கிளையில் ஒரு மேனேஜர் இருந்தார், நான் மிகவும் மதித்த மனிதர். ஓய்வுக்குச் சில மாதம் இருக்கும்போது அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இரண்டு கிளைகளுக்கு முன்பு அவர் கொடுத்த கறவை மாட்டுக் கடன்கள். கடன் கொடுத்த பிறகு மாடுகளைப் போய்ப் பார்த்ததற்கான அறிக்கை கோப்பில் இல்லை. அவர் பார்க்காமல் விடுகிறவர் இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு சேறும் சகதியுமாக ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பவர், ஆனால் திரும்பி வந்து எழுதி வைக்காதவர். விசாரணை முடியும்வரை கிராஜுவிட்டியை நிறுத்திவைத்தார்கள். மகள் கல்யாணத்துக்கு அவர் தனியாரிடம் கடன் வாங்கினார்.

இதைப் பார்த்து வளரும் இளம் அதிகாரி என்ன கற்றுக்கொள்வார்? கடன் கொடுத்தால் ஒருநாள் மெமோ வரலாம். "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டால் ஒரு மெமோவும் வராது. பெரிய வங்கியில் மறுப்பவருக்கு எந்தச் சேதமும் இல்லை, கொடுப்பவருக்குத்தான். என் பதின்மூன்று வருஷ அனுபவத்தில் இதைவிட முக்கியமாக எதையும் சொல்லத் தோன்றவில்லை. இது தெரிந்தும் கொடுக்க மனம் இருக்கிறவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஏப்ரல் 7

சம்பளம் கேட்டவருக்கு: 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தான வங்கிகளுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையிலான 12-ஆவது இருதரப்பு ஒப்பந்தப்படி 17 சதவீத உயர்வு, 2022 நவம்பரிலிருந்து கணக்கிட்டுக் கொடுத்தார்கள். பழைய பென்ஷன் 2010 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்களோடு முடிந்தது. எனக்கும் உங்கள் மகளுக்கும் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) தான். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை 2015 செப்டம்பரில் வந்தது. எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை என்பதற்கு வங்கிகள் சம்மதித்துவிட்டன, அரசின் அனுமதிதான் பாக்கி. அதற்காகப் போன மாதம் 24, 25-இல் வைத்திருந்த வேலைநிறுத்தம் தள்ளிப்போனது.

ஏப்ரல் 9

டிரான்ஸ்ஃபர். பெண் பிள்ளையை எங்கே தூக்கிப் போடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது, தெரிகிறது. அதிகாரி என்றால் இந்தியாவில் எங்கும் போகச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துத்தான் சேர்கிறோம்.

எனக்கு முதல் பெரிய போஸ்டிங் பீகார், சமஸ்திபூர் மாவட்டம். கிராமக் கிளை. ஜெனரேட்டர் ஓடினால் வங்கி ஓடும். கணினி இணைப்பான லிங்க் போய்விட்டால் அன்றைய வேலை போயிற்று, வரிசையில் நிற்பவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியது நான். பள்ளியில் ஒரு வகுப்புகூட இந்தி படிக்காதவள். எழுபதுக்கு அடுத்த எண்கள் சட்டென்று காதில் ஏறாது. பணம் கொடுக்கும் இடத்தில் எழுபத்தொன்பதுக்கும் எண்பத்தொன்பதுக்கும் குழம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கிளையின் சப்-ஸ்டாஃப் (கடைநிலை ஊழியர்) பெரியவர் ஒருவர் தினமும் சாயங்காலம் நோட்டுக் கட்டுகளை வைத்தே எனக்கு எண் சொல்லிக் கொடுத்தார்.

2014 ஆகஸ்ட் 28-இல் எல்லோருக்கும் வங்கிக் கணக்கு என்ற ஜன் தன் திட்டம் தொடங்கியபோது அங்கேதான் இருந்தேன். பள்ளி மைதானத்தில் மேசை போட்டுக் கணக்குத் தொடங்கினோம். தில்லியிலிருந்து மும்பை வந்து, அங்கிருந்து பாட்னா வந்து, எங்கள் மேசைக்கு எண்ணிக்கையாக வந்து சேர்ந்தது திட்டம். எதிரே நின்றவர்களுக்கு அது எண்ணிக்கை இல்லை. பஞ்சாபில் கூலி வேலை பார்க்கும் கணவர் அனுப்பும் பணம் இனி அடுத்தவர் கணக்கு வழியாக வர வேண்டாம் என்பதுதான் பெண்கள் கேட்டுத் தெரிந்துகொண்ட முதல் விஷயம்.

என்னை மாற்றியது அங்கே வந்த சுய உதவிக் குழுக்கள். ஜீவிகா என்பது பீகார் அரசின் திட்டம், குழுப் பெண்களை ஊரில் 'ஜீவிகா தீதி' என்பார்கள். ஒரு குழு கடன் கேட்டு வந்தது. என் மேசைக்கு முன்னாலேயே ஒருத்தி ஐம்பது ரூபாய் சந்தாவைத் தாமதமாகக் கட்டியதற்காக மற்றவர்கள் அரை மணிநேரம் சண்டை போட்டார்கள். நோட்டைப் பிரித்துத் தேதியைக் காட்டிச் சண்டை. ஐம்பது ரூபாய்க்கு இப்படிக் கணக்குக் கேட்பவர்கள் பணத்தை விடமாட்டார்கள் என்று தோன்றியது. அந்தச் சண்டையைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். குழுவின் நோட்டுப் பக்கங்களை நகலெடுத்துக் கோப்பில் வைத்தேன். கடைசித் தவணைவரை வந்தது.

பெண்ணை அனுப்பப் பயப்படாதீர்கள். ஆனால் தங்கும் இடத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். கிளையில் உடன் வேலை பார்ப்பவர்களின் வீட்டுப் பெண்கள்தான் எனக்கு அறை தேடிக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 10

கல்விக் கடன் பற்றி ஒரு தம்பி காரமாகக் கேட்டிருக்கிறார். நான்கு லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்று விதி இருக்கும்போது ஏன் அலைக்கழிக்கிறீர்கள் என்று.

கோபம் நியாயம். விதி அதுதான். இருந்தும் "சொத்துப் பத்திரம் இருக்கா?" என்று கேட்கிற கிளைகள் உண்டு. காரணம் 6-ஆம் தேதி எழுதியதுதான்.

நான் கொடுத்த கல்விக் கடன்களில் ஒன்று வாராக் கடனானது. பையன் பொறியியல் முடித்தான், வேலை கிடைக்கவில்லை, அப்பா நெல் மில்லில் மூட்டை தூக்குபவர். ஆடிட்டில் கேட்டார்கள். கவுன்சலிங் ஒதுக்கீட்டு ஆணை, கட்டண ரசீது, மதிப்பெண் பட்டியல், நான் வீட்டுக்குப் போய்ப் பேசிய தேதி எல்லாம் கோப்பில் இருந்தது. ஒரு பக்க விளக்கத்தோடு முடிந்தது. கடன் திரும்பாததற்காக யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. பழைய மேனேஜருக்கு நடந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் ஒரே ஒரு தாள்தான். இதை இளையவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கொடுக்கப் பயப்படத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

தம்பி, வங்கி மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுப்பது சுலபம், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது சுலபமில்லை.

ஏப்ரல் 13

பணமதிப்பிழப்பு நாட்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அப்போது காவிரி டெல்டாவுக்கு வந்துவிட்டேன்.

2016 நவம்பர் 8, இரவு எட்டு மணி அறிவிப்பை எல்லோரையும் போல டிவியில்தான் கேட்டோம். வங்கியில் இருப்பவர்களுக்கு முன்பே தெரியும் என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. தெரியாது. 10-ஆம் தேதி கதவைத் திறந்தபோது வரிசை பஸ் ஸ்டாண்டு வரை. ஆளுக்கு நாலாயிரம் மாற்றலாம். புது 2,000 ரூபாய் நோட்டு பழைய அளவில் இல்லாததால் ஏ.டி.எம். தட்டுகளை மாற்றி அமைக்கும்வரை இயந்திரமும் கைகொடுக்கவில்லை. அந்தச் சனியும் ஞாயிறும் வேலை. கிளைகளுக்கு நோட்டு அனுப்பும் கரென்சி செஸ்ட்டிலிருந்து கேட்டதில் ஒரு பகுதிதான் வரும். அதை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது கிளையின் தலைவலி. வாரத்துக்கு 24,000 எடுக்கலாம் என்று செய்தியில் சொல்வார்கள், என் கையில் எல்லோருக்கும் நாலாயிரத்துக்குத்தான் நோட்டு இருக்கும். திட்டு எனக்கு.

அந்த வருஷம் மழையும் பொய்த்தது. சம்பா நேரம். நடவு, களை கூலிக்குச் சில்லறை நோட்டு இல்லை. 2,000 நோட்டை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்து, "நீங்களே மாத்திக்குங்க" என்று சொன்ன விவசாயிகளை அறிவேன்.

ஒரு பெண் மெதுவாகக் கவுண்டரில் குனிந்து, "மேனேஜரம்மா, சத்தமா எண்ணாதீங்க, அவரு முன்னாடி நாலாவது ஆளா நிக்கிறாரு" என்றார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பல வருஷம் சேர்த்த பணம். அந்தப் பெண்ணை என் அறைக்குள் உட்காரவைத்து அங்கேயே எண்ணினோம். அன்று கிளையில் இருந்த எல்லோரும் இப்படி ஏதாவது ஒன்றைச் செய்தோம். எங்கள் கேஷியர் அந்த வாரங்களில் எண்ணிக்கைக் குறைவுக்காகத் தன் சம்பளத்திலிருந்து கட்டினார். அது யார் கணக்கிலும் வரவில்லை, இங்கேயாவது இருக்கட்டும்.

ஏப்ரல் 14

பொதுத்துறை வங்கிகள் சிலவற்றை ஒன்றாக்கிய 2020 ஏப்ரல் 1 இணைப்பில் எங்கள் வங்கியும் உண்டு. ஊரடங்கு நடுவே நடந்தது. ஐ.எஃப்.எஸ்.சி. எண், செக் புத்தகம், மென்பொருள் எல்லாம் அடுத்தடுத்து மாறின. பலகையை ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள். கூடத்தில் 'அவங்க ஆளு, நம்ம ஆளு' என்ற பேச்சு ஓய ரொம்ப நாள் ஆயிற்று.

ஏப்ரல் 20

இன்ஷூரன்ஸ் டார்கெட் பற்றி எழுதவில்லையே என்கிறீர்கள். எழுத மனம் கசந்ததால் தள்ளிப்போட்டேன்.

இரண்டு வகை இருக்கிறது, கலக்க வேண்டாம். வருஷத்துக்கு 20 ரூபாயில் விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில் இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடு. இந்த இரண்டு அரசுத் திட்டங்களையும் வற்புறுத்தியே சேர்ப்பேன், வெட்கமே இல்லை. கணக்கில் ஆயிரம் ரூபாய்கூட இல்லாத ஒரு வீட்டுக்கு இரண்டு லட்சம் கிளெய்ம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்குத் தன் கணவர் பேரில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பாஸ்புக்கில் 436 பிடித்தம் இருந்ததைக் கவனித்தது எங்கள் கிளார்க் தங்கை.

இன்னொரு வகை, ஃபிக்சட் டெபாசிட் புதுப்பிக்க வரும் பெரியவரிடம் பத்து வருஷம் பிரீமியம் கட்டும் பாலிசியைத் தள்ளுவது. பதினொரு மணிக்கு மேலிடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் கேள்வி வரும்: "இன்று எத்தனை?" பூஜ்யம் போட்டவர்களின் கிளைப் பெயர் பட்டியலாக வரும். எழுபது வயது மனிதருக்கு இது எதற்கு என்று கேட்டால், மகன் பேரில் போடுங்கள் என்பார்கள். அந்தப் பட்டியலில் என் கிளையின் பெயர் பலமுறை வந்திருக்கிறது, இனியும் வரும். பதவி உயர்வு நேர்காணலிலும் அதைக் கேட்டார்கள்.

கடனுக்கு "ஆம்" சொல்ல பயப்படுத்துகிற அமைப்பே, பாலிசிக்கு "இல்லை" சொல்லவும் பயப்படுத்துகிறது. இரண்டிலும் எதிரே இருக்கும் ஆளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

உங்கள் வீட்டில் யாராவது தெரியாமல் வாங்கியிருந்தால், பாலிசி கையில் வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். வங்கி முகம் சுளித்தாலும் கொடுங்கள்.

மே 11

"மறுப்பவருக்குச் சேதம் இல்லை" என்று எழுதியதிலிருந்து இன்னொரு பக்கம் மனதில் உறுத்துகிறது. மறுப்பதே நல்லது என்று ஆன நாளும் உண்டு.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எங்கள் பழைய வாடிக்கையாளர், எல்லா டெபாசிட்டையும் உடைத்து வெளிமாநிலக் கணக்கு ஒன்றுக்கு ஆர்.டி.ஜி.எஸ். (பெரிய தொகையை உடனே அனுப்பும் முறை) மூலம் அனுப்ப வேண்டும் என்று வந்தார். எதற்கு சார் என்றால், "நிலம் வாங்கறேன்." வழக்கமாக அரை மணிநேரம் ஊர்க்கதை பேசுபவர், அன்று சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பையில் செல்போன், வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி போல வீடியோவில் வந்து, உன்னைக் கைது செய்திருக்கிறோம் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் டிஜிட்டல் அரெஸ்ட் மோசடி. சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது, ஆனால் சி.பி.ஐ. என்று சொல்லி மிரட்டினால் படித்தவர்களும் நடுங்கிவிடுகிறார்கள்.

அவர் பணம், அவர் கையெழுத்து, தொகை சரி. என்னிடம் மறுக்க ஒரு விதியும் இல்லை. சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்று சொல்லி உட்காரவைத்தேன். துண்டுச் சீட்டில் "உங்களை யாராவது மிரட்டுகிறார்களா?" என்று எழுதி நகர்த்தினேன். முதலில் கோபப்பட்டார், வேறு கிளைக்குப் போகிறேன் என்று எழுந்தார். நான் கதவருகே நின்றேன். அவர் மகனைத் தொலைபேசியில் பிடித்து, சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் புகார் கொடுத்து முடிக்க மத்தியானம் ஆனது. அதற்குள் கவுண்டரில் வரிசை நீண்டு இரண்டு பேர் என் மேல் புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள்.

பணம் எல்லாம் கைபேசியில் போகும் காலத்தில் கிளை எதற்கு என்று இங்கே ஒருவர் கேட்டார். இதற்குத்தான். செயலி அவர் முகத்தைப் பார்த்திருக்காது.

மே 25

இந்த மாதம் கவுண்டரில் வேறு பேச்சே இல்லை: நகைக் கடன். ஏப்ரல் 9-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின் வரைவைப் பற்றி, நகைக்கு ரசீது கேட்பார்களாமே என்று பயந்து வருகிறார்கள். பாட்டி போட்ட சங்கிலிக்கு எவரிடம் ரசீது இருக்கும்?

எங்கள் பக்கம் நகை என்பது விதைநெல்லுக்கும் பள்ளிக் கட்டணத்துக்குமான பணம். கிளைக்கும் இது மிகப் பிரியமான கடன். மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்துச் சொன்னால் அரை மணிநேரத்தில் கையில் பணம், ஈடு எங்கள் பெட்டியில். கொடுக்கப் பயமில்லாத ஒரே கடன்.

அதிலும் ஒரு வலி உண்டு. முன்பு வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பார்கள். பல வங்கிகள் அதை நிறுத்தி, அசலையும் கட்டி மீட்டு மறுநாள் புதிதாக வைக்கச் சொன்னபோது, அந்த ஒரு ராத்திரிக்கு ஏழை எங்கே போவார்? வங்கிகளின் வாசலிலேயே ஒருநாள் வட்டிக்குக் கொடுப்பவர்கள் முளைத்தார்கள். விதியை எழுதியவர்கள் மோசமான எண்ணத்தில் எழுதவில்லை, கடன் உயிரோடு இருக்கிறதா என்று தெரியத்தான் எழுதினார்கள். அந்த வாசலை அவர்கள் பார்த்ததில்லை. பெரிய வங்கியில் வேலை என்றால் இந்தத் தூரத்துக்கு நடுவில் நிற்பது.

ஜூன் 8

முந்தாநாள் நகைக் கடனுக்கான இறுதி விதிகள் வந்துவிட்டன. கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. ரசீது இல்லையென்றால் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும். கடனை முழுதும் கட்டியும் எங்கள் தவறால் நகையைத் தர ஏழு வேலை நாளுக்கு மேல் ஆனால், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நாங்கள் கொடுக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கியும் மாற வேண்டும். ஊரில் எழுந்த சத்தம் மேலே கேட்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சந்தோஷமாக இருந்தது. நேற்று ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் நானே வலியச் சொன்னேன்.

ஜூன் 29

மகள் சேரப்போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள் சார். வாழ்த்துகள். அவள் கேட்டதாகச் சொன்ன கேள்விகளுக்கு.

பாஸ்வேர்டை மேனேஜர் கேட்டாலும் தரக் கூடாது. "மேடம், நான் ஒரு நிமிஷம் வெளியே போறேன், உங்க ஐடியில பாஸ் பண்ணிடறேன்" என்று யாராவது சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கேட்பவர் நல்லவராகவே இருப்பார். அப்போதும் கூடாது.

மேலிடம் தொலைபேசியில் ஒரு கடனைக் கொடு என்றால், மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லட்டும். மரியாதையாகவே கேட்கலாம். பாதிப் பேர் அனுப்பமாட்டார்கள், அதுவே பதில்.

கடன் கொடுத்த இடத்துக்குப் போனால் அன்றே எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும், நான்கு வரியானாலும்.

முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்களை வருஷத்தில் பத்து வேலை நாள் முன்னறிவிப்பில்லாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அழ வேண்டாம், எல்லோருக்கும் உண்டு. அப்போது கைபேசியில் கிளைக்கு உதவுகிறேன் என்று உட்காராமல் ஊருக்கு வரச் சொல்லுங்கள்.

வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வை முதல் இரண்டு வருஷத்துக்குள் எழுதிவிடட்டும், நாலு தாள். பிறகு பொறுப்பு கூடினால் புத்தகம் தொட நேரம் இருக்காது. முடித்தால் இன்கிரிமென்ட் உண்டு.

எந்த மாநிலம் என்று தெரிந்ததும் எழுதுங்கள். பீகார் என்றால் சமஸ்திபூர் பக்கம் எனக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், அறைக்குச் சொல்லிவைக்கிறேன்.